ஓடம் தலையில் ஏறிய கதை

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும்; வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். ஓடம் மனிதர் தலையில் ஏறும் என்று எந்தப் பாட்டியும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஏறத்தான் செய்கிறது. அதைக் கண்ணால் பார்த்து, அதன் பின்னாலேயே மூட்டை சுமந்து நடந்துவிட்டு வந்தவர் எங்கள் எதிர் வீட்டிலேயே இருக்கிறார்.

முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முழுவதும் அவரைப் 'பெரியம்மா' என்றுதான் கூப்பிடும். வயது 63. பஞ்சாலைச் சங்கு ஊதினால் உலை வைத்து, மறுபடி ஊதினால் சாப்பாட்டுக் கூடை கட்டி அனுப்பிய குடும்பம். ஆலையும் 2020-இல் மூடியாகிவிட்டது, பெரியப்பாவும் போய்விட்டார். ஒரே மகள் கனடாவில், டொராண்டோ நகரில் இருக்கிறாள். அங்கே ஆறு மாதம் தங்கிவிட்டுப் போன மாதம்தான் பெரியம்மா ஊர் திரும்பினார். வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் புட்டி மேப்பிள் பாகு கொடுத்துக்கொண்டே எங்கள் வாசலுக்கும் வந்தார்.

அப்போது நான் ஒரு காகிதத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக் கொண்டிருந்தேன். என் பெண்ணின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த காகிதம். ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளை ஒரு நாள் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போகிறார்களாம். படகில் ஏற்றிச் சுரபுன்னைக் காட்டைச் சுற்றிக் காட்டுவார்களாம். பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். இரண்டு நாட்களாகப் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பெண் கதவோரம் நின்று என் கையையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"என்னம்மா யோசனை?" என்றார் பெரியம்மா.

"படகு சமாசாரம் பெரியம்மா. இவளுக்கு நீச்சல் தெரியாது. வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று பார்க்கிறேன்."

அவர் என் பக்கம்தான் பேசுவார் என்று எனக்கு நிச்சயமான நம்பிக்கை. ஏனென்றால், தண்ணீருக்குப் பயப்படுவதில் எங்கள் தெருவுக்கே அவர்தான் தலைவி. அவருக்கு 9 வயதாயிருக்கும்போது, ஐப்பசி மழை வெள்ளத்தில், அவருடைய தம்பி அரியாங்குப்பம் ஆற்றில் போய்விட்டான். அன்றைக்கு அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் எழுதப்பட்டது: இந்த வீட்டுப் பிள்ளைகள் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. கடல் ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம். நடுவிலே இருந்துகொண்டு பெரியம்மாவின் மகள் முழங்கால் தண்ணீர்கூடப் பார்க்காமல் வளர்ந்து, படித்து, கல்யாணமாகிக் கனடாவுக்கு விமானம் ஏறினாள்.

அப்பேர்ப்பட்டவர் என் மேஜை மேலிருந்த காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, "மூணு நாள் நான் படகிலேயே போனேன்மா. காட்டுக்குள்ளே. ராத்திரி கூடாரத்திலே படுத்தேன்" என்றார்.

பேனா மூடி என் கையிலிருந்து உருண்டு எங்கோ போய்விட்டது. அதைத் தேடவும் தோன்றவில்லை.

பெரியம்மா சொன்ன கதையை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

டொராண்டோவிலிருந்து காரில் வடக்கே மூன்று மணி நேரம் போனால் அல்கோன்குவின் வனப் பூங்கா வருகிறது. 1893-இல் ஏற்பட்ட பூங்கா. பூங்கா என்றவுடன் நம் பாரதி பூங்காவை நினைத்துக்கொள்ளாதீர்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கையும் கூட்டினால் சுமார் 490 சதுர கிலோமீட்டர்தான். அந்தப் பூங்கா 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதாவது நம்மைப் போல் பதினைந்து மடங்கு. அதற்குள்ளே 2,400-க்கும் அதிகமான ஏரிகள். தெற்குக் கோடியில் ஒரு நெடுஞ்சாலை குறுக்கே போகிறது. அதை விட்டு உள்ளே போக வேண்டுமானால் நடக்க வேண்டும், அல்லது துடுப்புப் போட வேண்டும். பஸ்ஸும் கிடையாது, டீக்கடையும் கிடையாது.

போன ஆண்டு ஆகஸ்டில் அங்கே புறப்பட்டவர்கள் மொத்தம் 9 பேர். பூங்காவின் உட்பகுதியில் ஒரு முகாமுக்கு 9 பேருக்கு மேல் தங்கக் கூடாது என்பது சட்டம். பெரியம்மாவின் மகள், மாப்பிள்ளை, 12 வயதுப் பேத்தி, அவர்கள் சிநேகிதர்கள், எல்லோரும் தமிழர்கள். ஒன்பதாவது ஆசாமி கடைசி நேரத்தில் வரவில்லை. "ஆயா, நீ வா!" என்று பேத்தி பிடித்துக் கொண்டாள்.

"மாட்டேன்னு தலையை ஆட்டினேன். அந்தக் குட்டி என்ன கேட்டுச்சு தெரியுமா? 'ஆயா, நீ பயப்படறதாலேதான் அம்மாவுக்கு நீச்சல் தெரியலையா?' அப்படின்னுது. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. பேசாம பையை எடுத்து வச்சேன்."

கூட்டத்துக்குத் தலைமை ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர், பூர்வீகம் யாழ்ப்பாணம். "அன்ரி, ஒண்டுக்கும் பயப்படாதேங்கோ. முதல்ல தண்ணிக்குள்ள இறங்குவம், பிறகுதான் படகு" என்றாராம். ஏரிக்கரையில் இடுப்பளவு தண்ணீரில் எல்லோரையும் லைஃப் ஜாக்கெட்டோடு நிற்க வைத்து, கொக்கியெல்லாம் இழுத்துப் பார்த்து, "இப்ப காலைத் தூக்குங்கோ" என்று சொல்லியிருக்கிறார். 63 வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக, பெரியம்மா காலைத் தூக்கினார்.

"தண்ணி என்னைத் தாங்கிச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "தம்பிக்கு அன்னிக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமலே மேப்பிள் பாகுப் புட்டியின் மூடியைத் திருகிக் கொண்டிருந்தார். நானும் எதுவும் கேட்கவில்லை.

அந்தப் படகுக்குக் கனோ என்று பெயர். ஒடுங்கலாய், நீளமாய், இரு முனையும் கூராய் இருக்கும். மூன்று படகு, படகுக்கு மூன்று பேர். பின்னால் இருப்பவர் திசை திருப்புவார். முன்னால் இருப்பவர் வலித்துக் கொடுப்பார். நடுவில் இருப்பவருக்கு ஒரே வேலைதான்: எழுந்து நிற்கக் கூடாது! முதல் நாள் பெரியம்மா நடுவில் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்தார். இரண்டாம் நாள் துடுப்பைக் கேட்டு வாங்கிக் கொண்டார்.

படகுச் சாமான்களைப் பற்றியும் அங்கே சட்டம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், விழுந்தவருக்கு வீச 15 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி, ஊத ஒரு விசில். பெரியம்மா விரல் விட்டு எண்ணியபோது, கல்யாணச் சீர் வரிசையைச் சொல்வதுபோல் ஒன்றுகூட விடாமல் சொன்னார்.

முதலில் கனோ ஏரி. ஏரிக்கே அதுதான் பெயர். அது முடிகிற இடத்தில் ஓர் அணை. அதைத் தாண்டி ஜோ ஏரிக்குப் போக வேண்டும். நடுவிலே தண்ணீர் இல்லை. 295 மீட்டர் காட்டுப் பாதை. இங்கேதான் ஓடம் தலையில் ஏறுகிறது! படகைக் கவிழ்த்து, அதன் நடுவிலே இருக்கும் குறுக்குக் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் நடக்க வேண்டும். முன்னாலிருந்து பார்த்தால் படகுக்குக் கால் முளைத்ததுபோல் இருக்குமாம். இந்தக் காலத்துப் படகுகள் 20 கிலோ அளவில் இருக்கின்றன. நாம் தூக்கும் ஒரு மூட்டை அரிசியைவிட லேசு. யாழ்ப்பாணத்துப் பெண் ஒரு படகைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்த பெரியம்மா, பிறகு தன் மூட்டையை வேறு யாரிடமும் கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

இப்படிச் சுமந்து நடப்பதை 'போர்ட்டேஜ்' என்கிறார்கள் என்று பெரியம்மா சொல்லும்போது, தெருமுனைச் சொல்தா தாத்தா திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து இன்றைக்கும் பென்ஷன் வாங்குகிறவர். "போர்ட்டேஜ் இல்லை, போர்த்தாஜ்! எங்கள் வார்த்தை!" என்று நிமிர்ந்தார். 'போர்த்தே' என்றால் பிரெஞ்சில் சுமப்பது. தாத்தா சொன்னது வாஸ்தவம். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் கனடாவின் ஏரிகள் வழியாக மெல்லிய மயிர்த்தோல் வியாபாரம் செய்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுடைய படகுக்காரர்கள் 90 பவுண்டு மூட்டைகள் இரண்டை ஒரே நடையில் முதுகில் ஏற்றி, நெற்றியில் தோல் வார் மாட்டிக்கொண்டு ஓடுவார்களாம். அவர்கள் ஏறிய படகோ பிரெஞ்சுப் படகல்ல. அந்த மண்ணின் பூர்வகுடிகள் பூர்ச்ச மரப்பட்டையை மரவேரால் தைத்து, பிசின் பூசிச் செய்தது. ஆணி கிடையாது. நம் மீனவர் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டிய கட்டுமரத்திலும் ஆணி கிடையாது. அந்தப் பெயரைத்தான் ஐரோப்பியர் எடுத்துக்கொண்டு போய் 'கட்டமரான்' என்று உலகமெல்லாம் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டு விஷயம் கேட்காமல் விடுவோமா? அந்தக் காட்டுக்குள் தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் கொண்டு போகக் கூடாது என்று தடை. மற்றவர்கள் என்ன எடுத்துப் போவது என்று யோசித்துக் கொண்டிருந்தபோது பெரியம்மாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. அவல், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, சத்துமாவு, பொரிவிளங்காய் உருண்டை. நம் பாட்டிமார் கட்டைவண்டியில் க்ஷேத்திராடனம் போனபோது கட்டிக்கொண்டு போனவை. கனம் இல்லை, கெடாது, டப்பா வேண்டாம். முதல் நாள் இரவே ஒன்பது பேரும் பெரியம்மா அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஏரித் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தார்கள்.

சாப்பிட்ட பிறகு மிச்சம் மீதியெல்லாம் ஒரு பையில் போட்டு, கயிறு கட்டி, மரக்கிளையில் உயரத் தொங்கவிட வேண்டும். நம் வீட்டு உறி மாதிரிதான். நாம் பூனைக்குப் பயந்து உறி கட்டுகிறோம். அங்கே கரடிக்குப் பயந்து கட்டுகிறார்கள்! கூடாரத்துக்குள் பிஸ்கோத்துத் துண்டுகூட வைத்துக்கொள்ளக் கூடாது. கரடி வந்ததா என்று என் பெண் ஆவலோடு கேட்டாள். வரவில்லை என்றதும் அவளுக்கு மிகுந்த ஏமாற்றம்.

பெண்களுக்கு மனத்தில் எழும் கேள்வியை நானே ரகசியமாகக் கேட்டேன். பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "முகாமுக்குப் பின்னாலே மரத்துக்கு நடுவிலே ஒரு மரப்பெட்டி, மேலே ஒரு மூடி. சுவர் கிடையாது, கூரை கிடையாது. யாராவது வந்தா பாட்டுப் பாடணும்னு ஏற்பாடு. எனக்குத் தெரிஞ்ச பாட்டெல்லாம் அங்கேதான் செலவாச்சு."

ராத்திரி ஏரியின் நடுவிலிருந்து ஓர் ஓலம் கேட்டதாம். பெண் பிள்ளை அழுவதுபோல. பெரியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். பேத்தி பாதித் தூக்கத்தில், "லூன் பறவை ஆயா. நம்ம காசிலே இருக்குமே, அது" என்றாளாம். 1987-இலிருந்து கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் அந்தப் பறவைதான் பொறித்திருக்கிறது.

அதே ஏரியைப் பற்றி ஒரு சோகக் கதையும் தணலைச் சுற்றி உட்கார்ந்தபோது சொன்னார்கள். டாம் தாம்ஸன் என்ற பெரிய ஓவியர். கனடாவின் ஏரிகளையும் பைன் மரங்களையும் வரைந்து புகழ் பெற்றவர். படகிலும் நல்ல பழக்கம் உள்ளவர். 1917 ஜூலையில் அதே கனோ ஏரியில் தனியாகப் படகில் போனார். எட்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. எப்படி நடந்தது என்பதை இன்றும் விவாதித்துக் கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பெண் கதையை முடித்துவிட்டு, "அதுதான் தனியாப் போறேல்லை" என்று மட்டும் சொன்னாராம்.

மூன்றாம் நாள் திரும்பும்போதுதான் சோதனை. காலையில் கண்ணாடிபோல் இருந்த ஏரி, மதியம் காற்றெடுத்துக் குறுக்கே அலை வீசத் தொடங்கிவிட்டது. படகு ஆடிற்று. கரை ஏறினால் கார். கார் ஏறினால் வீடு. கூட்டத்தில் இரண்டு ஆண்கள், "இதோ தெரிகிறதே கரை, அரை மணி நேரம் வலித்தால் போய்விடலாம்" என்றார்கள். தலைவி கேட்கவில்லை. அருகே இருந்த கரையில் படகுகளை ஏற்றிப் போட்டு, அடுப்பு மூட்டி, தேநீர் வைத்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். காற்று விழுந்ததும் கிளம்பினார்கள்.

"நான் தைரியம்னா துணிஞ்சு போறதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். எனக்குத் தைரியம் இல்லைன்னும் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் பெரியம்மா. "அந்தப் பொண்ணு உட்கார்ந்து டீ போட்டுச்சு பாரு, அப்பத்தான் புரிஞ்சுது. அதுக்குத் தண்ணியைத் தெரியும், நமக்குத் தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவர் போன பிறகும் அந்தக் காகிதம் மேஜையில்தான் இருந்தது. என் பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். 2024 ஜனவரியில் குஜராத்தில், வதோதராவின் ஹர்ணி ஏரிக்குப் பள்ளிக்கூடத்துச் சுற்றுலா போன குழந்தைகளின் படகு கவிழ்ந்தது. 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். படகில் அளவுக்கு மீறி ஆட்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இல்லை. அந்தத் தாய்மாரும் என்னைப்போல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்தாமே? இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நிற்கிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தைகளைக் கொன்றது படகுப் பிரயாணமா? ஏரி ஆழமாயிருந்தது ஏரியின் குற்றமா? எண்ண வேண்டியதை யாரும் எண்ணவில்லை. கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று எழுதி அனுப்பி, என் பெண்ணை இன்றைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். நாளைக்குக் கல்லூரியில் சிநேகிதிகளோடு கடற்கரைக்குப் போவாளே, அப்போது நான் கதவோரம் நிற்பேனா? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் உலகம் முழுவதும் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். நம் பக்கத்து வங்காள தேசத்தில் ஊருக்கு ஊர் குளம். பிள்ளைகள் தவறி விழுவதும் அதிகம். அவர்கள் குளங்களை மூடிவிடவில்லை. குளத்துக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டி, சின்னப் பிள்ளைகளுக்கு மிதக்கவும் நீந்தவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாமோ பெண் குழந்தைக்குப் பாட்டு, நாட்டியம், கணினி எல்லாம் கற்றுக் கொடுத்துவிட்டு, இதை மட்டும் 'நமக்கு எதற்கு?' என்று விட்டுவிடுகிறோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போனேன். தலைமையாசிரியையிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். ஒவ்வொரு குழந்தைக்கும், அதன் உடம்புக்குப் பொருத்தமான அளவில், லைஃப் ஜாக்கெட் உண்டா? ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம், எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? காற்றோ மழையோ வந்தால் படகை நிறுத்துவது யார் பொறுப்பு? அவர் கோபித்துக் கொள்வார் என்று பயந்தேன். கோபிக்கவில்லை. மூன்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு, விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்; இரண்டு நாளில் சொல்லவும் சொன்னார். பிரயாணத்தை வடகிழக்குப் பருவமழை முடிந்து தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் வீட்டிலும் அப்படியொரு காகிதம் வந்தால் இந்த மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பிச்சாவரம் வரைகூடப் போக வேண்டாம். நமக்கு அருகே கடலூர் சாலையில் சுண்ணாம்பாற்றுப் படகுத் துறை இருக்கிறது. அங்கே குடும்பத்தோடு போனாலும், புகைப்படம் அழகாக விழ வேண்டும் என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். கொக்கி மாட்டாத ஜாக்கெட் வெறும் அலங்காரம். நடுவில் எழுந்து நிற்காதீர்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால், டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று ஏறாதீர்கள். கரையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அதில் வெட்கம் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் பெண்ணை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போனபோது, பெரியம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "உனக்கும் சேர்த்துப் பேர் கொடு" என்றார். எனக்கு வயது 36. எனக்கும் நீச்சல் தெரியாது என்பதை அதுவரை யாருமே கேட்டதில்லை. ஞாயிறுதோறும் நானும் என் பெண்ணும் ஆழமில்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கிறோம். பெரியம்மா கரையில் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்து, "காலைத் தூக்கும்மா! தண்ணி தாங்கும்!" என்று குரல் கொடுக்கிறார். மூன்று வாரத்தில் என் பெண் கம்பியை விட்டுவிட்டாள். நான் இன்னும் ஒரு கையை மட்டும்தான் விட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு அவள் நீச்சல் சொல்லிக் கொடுக்கும் அக்காவிடம் போய் ஒரு சந்தேகம் கேட்டாள். அந்த அக்கா விழித்த விழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"இதெல்லாம் சரிக்கா, படகைத் தலையிலே தூக்கறது எப்போ சொல்லித் தருவீங்க?"